கருவை மண்டுன நெலத்துக்கு எத்தனை சொந்தக்காரன்?

மாப்ள, மெட்ராஸ்லேருந்து ஏசி காருல வந்து எறங்குன ஒடனே கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி: "மாமா, ரோட்டோரம் கருவை மண்டிப்போய் மூணு மா நெலம் சும்மா கெடக்கே, அதுக்குச் சொந்தக்காரங்களே இல்லையா?" எனக்கு வெத்தலை பொரையேறிப் போச்சு.

கீழ்வேளூர்ல நெலம் சும்மா கெடக்குதாம்! இது கடைமடை. மேட்டூர்ல தொறந்த தண்ணி வந்து சேர்ற வரைக்கும் வாய்க்காத் தலைப்புலயே கண்ணை வெச்சுக்கிட்டு நிக்கிற ஊரு. அண்டை வெட்டுறப்ப மம்முட்டி அரை அடி அந்தப் பக்கம் போயிட்டாப் போதும், ரெண்டு வீட்டுக்கும் மூணு தலைமுறைக்குக் கொண்டான் குடுத்தான் கெடையாது. இந்த மண்ணுல ஒரு நெலம் கருவை மொளைச்சுக் கெடக்குன்னா சொந்தக்காரன் இல்லன்னா அர்த்தம்? ஏகப்பட்ட பேரு இருக்கான்னு அர்த்தம். ஒத்தை ஆளா இருந்திருந்தா எப்பவோ சம்பா நட்டிருப்பான். இல்லாட்டி கல்லு நட்டு, 'நகர்'னு ஒரு வளைவு கட்டி, உங்களை மாதிரி ஒருத்தர் தலையில கட்டியிருப்பான்.

வாங்குறதுக்கு முன்னாடி அவங்களைக் கண்டுபிடிக்க வழி சொல்றேன். இவருக்கு என்னா தெரியும்னு மனசுக்குள்ள ஓடுதுல்ல, அதையும் சொல்லிப்புடறேன். வாலிபத்துல நான் கணக்கப்பிள்ளைக்குக் கட்டு தூக்குனவன். கிராமக் கணக்கையெல்லாம் துணியில சுத்தித் தலையில வெச்சுக்கிட்டு ஜமாபந்திக்கு அவரு பின்னாடியே நடப்பேன். எத்தனை வேலி மிராசா இருந்தாலும் அவரைக் கண்டா "மோர் சாப்புடுறீங்களா"ன்னு கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாங்க. அவரு பேனா ஒரு சுழி தள்ளி விழுந்தா ஒரு மா தள்ளிப் போயிடும்ல? 1980 நவம்பர்ல எம்ஜிஆர் பரம்பரைக் கணக்கு, மணியம் எல்லாத்தையும் ஒரேயடியா ஒழிச்சுப்புட்டாரு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ப் பாத்தாங்க. ஒழிச்சது செல்லும்னு 1982-ல அங்கயும் சொல்லிட்டாங்க. கட்டு வி.ஏ.ஓ. கைக்குப் போச்சு. கணக்கப்பிள்ளை தலைக்குள்ள இருந்த கட்டு மட்டும் யாரு கைக்கும் போவல, அவரோடவே சுடுகாட்டுக்குப் போயிடுச்சு. போற வழியில கொஞ்சம் எங்கிட்ட சிந்துனதுதான் இப்ப நான் சொல்றது.

நீங்க படிச்சவரு, மொதல்ல போனைத்தான் எடுப்பீங்க. எடுங்க, தப்பில்ல. நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் வட்டம், ஊரு, புல எண், உட்பிரிவு எல்லாம் போட்டா பட்டா வந்து நிக்கும். புல எண் தெரியாதுன்னா, நின்ன எடத்துலேருந்தே எண்ணைக் காட்டுற வரைபடமும் அரசாங்கமே வெச்சிருக்கு. நான் சங்கிலி பிடிச்ச காலத்துல முழங்கால் சேத்துல எறங்கித்தான் இதையெல்லாம் பாக்கணும். இப்ப செருப்புல மண்ணு ஒட்டாம நடக்குது. சந்தோஷம்.

பட்டாவைத் தொறந்தா பதினோரு பேரு இருக்கும். அதுல எட்டுப் பேரு போய்ச் சேந்திருப்பாங்க. கையெழுத்து வாங்க அவங்களை எங்க போய்த் தேடுவீங்க? மிச்சம் மூணு பேருல ஒருத்தரு பேரு தப்பா இருக்கும், இன்னொருத்தருக்கு அப்பா பேரு மாறியிருக்கும். இந்தக் கூத்துக்குப் பாதிக் காரணம் யுடிஆர். 1979-லேருந்து 1987 வரைக்கும் ஊரு ஊரா நெலப் பதிவேட்டைப் புதுப்பிச்சாங்க. நல்ல எண்ணத்துலதான் செஞ்சாங்க, ஏக்கர் சென்ட் எல்லாம் ஹெக்டேர் ஏர்னு மாறுனதும் அப்பத்தான். ஆனா அன்னிக்கு யாரு எதுத்தாப்புல நின்னு பேரைச் சொன்னானோ அவன் பேரு ஏறுன எடமும் உண்டு. ஊருக்குப் போயிருந்தவன் பேரு ஊரை விட்டே போயிடுச்சு. அந்தத் தப்பைத் திருத்த இன்னிக்கும் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர்னு படியேறிக்கிட்டு இருக்காங்க. அதனால இப்பத்தி பட்டாவோட நிக்காதீங்க. யுடிஆருக்கு முந்தின செட்டில்மென்ட் பதிவேட்டுல அந்த நம்பருக்கு யாரு பேரு இருந்துச்சுன்னு நகல் கேளுங்க. குடுக்கலையா, 10 ரூபா கோர்ட் வில்லையை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. பழைய பேருக்கும் புதுப் பேருக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டாலே பாதிக் கதை வெளிய வந்துடும்.

பரப்பையும் செத்த உத்துப் பாருங்க. 0 - 40.00-ன்னு போட்டிருக்கும். நாப்பது ஏர். ஊருல மூணு மாங்குறாங்க. நம்ம கணக்குல 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அப்ப மூணு மான்னா 300 குழி, 43,200 சதுர அடி வரணும். பட்டாவுல இருக்குற நாப்பது ஏரை மாத்திப் பாத்தா 43,056-தான் தேறும். ஒரு குழி காணும்! அந்த ஒரு குழிக்குத்தான் பக்கத்து வயக்காரன் நாகப்பட்டினம் கோர்ட்டுல பதினேழு வருஷமா வாய்தா வாங்கிக்கிட்டு இருப்பான். ராஜராஜன் காலத்துல வேலியைக் கோடி கோடிக் கூறாப் பங்கிட்டு அளந்து கல்லுல வெட்டி வெச்சாங்க. இங்கிலாந்துல வில்லியம் ராசா 1086-ல ஊரு ஊரா நெலக்கணக்கு எடுத்தாரே, அதுக்கும் முந்தின காரியம் இது. அப்படி அளந்த மண்ணுல ஒரு குழியை எப்படி விடுவோம்ங்குறீங்க?

இன்னொண்ணும் காதுல போட்டுக்குங்க. பட்டான்னா வரி கட்டுறவன் யாருன்னு ரெவின்யூக்காரன் எழுதி வெச்ச குறிப்பு. அது மட்டுமே சொந்தத்துக்குச் சாட்சி இல்லன்னு கோர்ட்டுங்க சொல்லிச் சொல்லி ஓஞ்சு போச்சு. பத்திரத்துக்காவது மரியாதை இருக்கான்னா, சார்பதிவாளர் பத்திரத்தைப் பதியறவரு, விக்கிறவனுக்கு நெசமா உரிமை இருக்கான்னு தீர்ப்பு சொல்றது அவரு வேலை இல்ல. 2025 ஏப்ரல்ல நம்ம தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிடுச்சு. ஆஸ்திரேலியாவுல 1858-லயே டாரன்ஸ்னு ஒருத்தரு முறை கொண்டாந்தாரு: அரசாங்கப் பதிவேட்டுல யாரு பேரோ அவருதான் சொந்தக்காரர், அதோட பேச்சு முடிஞ்சுது. மலேசியா, சிங்கப்பூர்லயும் அந்த வழிதான். நம்மகிட்ட பேச்சு அங்கதான் தொடங்கும்.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதான் இ.சி. அதையும் ஒக்காந்த எடத்துலயே பாக்கலாம், 1975-லேருந்து ஏத்தி வெச்சிருக்காங்க. அதுக்கு முந்தினது வேணும்னா ஆபீஸ்ல மனுப் போட்டு, பழைய புஸ்தகத்தைப் புரட்டச் சொல்லணும். அந்தக் காலத்துல இந்த ஊரு எந்த சப்ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஒட்டியிருந்துச்சுன்னு மொதல்ல விசாரிச்சுக்குங்க. ஆபீசு எல்லை மாறியிருக்கும், தேடுனவங்க தப்பான அலமாரியில தேடிட்டு 'ஒண்ணுமில்ல'ம்பாங்க. இந்த 'ஒண்ணுமில்ல'தான் மாப்ள பெரிய கண்டம். உங்களை மாதிரி ஆளுங்க 'நில்' இ.சி.யைப் பாத்துட்டு நிலா சோறு திம்பாங்க. எனக்கு வயித்தைக் கலக்கும். அம்பது வருஷமா யாரும் விக்கல, வாங்கல, அடமானம் வெக்கல, பாகம் பிரிக்கல. அப்படி ஒரு நெலம் இந்தத் தாலுகாவுல இருந்தா ஒண்ணு சாமியோடது, இல்ல சண்டையோடது. வாய்வார்த்தைப் பாகப்பிரிவினை வில்லங்கத்துல வராது. தலகாணிக்கு அடியில மடிச்சு வெச்ச உயில் வராது. பெரியவரு வட்டிக்கடையில குடுத்துட்டு மறந்துபோன மூலப்பத்திரமும் வராது.

சாமின்னதும் ஞாபகம் வருது. நம்ம கேடிலியப்பர் கோயிலைப் பாத்தீங்கல்ல, யானை ஏற முடியாத மாடக்கோயில். கோச்செங்கட்சோழன் கட்டுனதுன்னு சொல்றது. யானை ஏறாமத் தடுக்கத் தெரிஞ்ச ராசா, நாட்டுல கோயில் நெலத்துல ஆளு ஏறாமத் தடுக்கத்தான் வழி சொல்லாமப் போயிட்டாரு. தமிழ்நாட்டுக் கோயிலுங்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் இருக்குன்னு கணக்கு. சட்டத்தோட கண்ணுல சாமி என்னிக்கும் பதினெட்டு முடியாத புள்ளை. அந்தப் புள்ளை சொத்தை கமிஷனர் உத்தரவு இல்லாம விக்க முடியாது, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடவும் முடியாது. தனியாள் நெலத்துல பன்னண்டு வருஷம் எதிர்ப்பா ஒக்காந்தவன், எனக்குத்தான்னு வாதாடிப் பாக்கலாம். சாமிகிட்ட அந்தக் கணக்கும் ஓடாது, எப்ப வேணா வழக்குப் போட்டுத் திருப்பிக் கேக்கலாம்னு அறநிலையச் சட்டமே சொல்லுது. ஆதீனத்தோடதா, வக்பா, தருமச் சத்திரத்து மானியமா? ஒவ்வொண்ணையும் தனித்தனியா கேட்டுக்குங்க. 'அ' பதிவேட்டுல பாத்தா சர்க்கார் நெலமா ரயத்து நெலமான்னு தெரிஞ்சுடும். வாய்க்கா, களம், மேய்ச்சல்னு ஏதாவது பொறம்போக்கு ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவும் தெரியும். பொறம்போக்கை வளைச்சு வேலி போட்டு உங்ககிட்ட விக்க வர்றவன்தான் ரொம்ப மரியாதையாப் பேசுவான். எளநீ வெட்டிக் குடுத்தா எழுந்து வந்துடுங்க.

அடங்கலை மறந்துடாதீங்க. எந்த நெலத்துல எந்தப் போகத்துல யாரு என்ன வெச்சாங்கன்னு வி.ஏ.ஓ. எழுதுற கணக்கு அது, ரெண்டாம் நம்பர். பசலி 1435-ன்னு போட்டிருந்தா அலறாதீங்க, அது 2025 ஜூலையில பொறந்த வருஷம். பத்துப் பதினஞ்சு பசலிக்குப் பின்னாடி போயிப் பாருங்க. தரிசு, தரிசு, தரிசுன்னு வரும். திடீர்னு ஒரு வருஷம் 'தாளடி'ன்னு வரும், பக்கத்துல ஒரு பேரு இருக்கும். அந்தப் பேரு பட்டாவுல இருக்காது. அவன்தான் குத்தகைக்காரன்.

எடம் கீழ்வேளூர்னு மறந்துட்டு குத்தகைக்காரனை ஓரங்கட்டிடலாம்னு நெனைக்காதீங்க. அப்ப நம்ம ஊரும் சேந்திருந்த தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே 1952-ல சாகுபடிக்காரங்களையும் பண்ணையாளுங்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்துச்சு. 1955-ல குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். குத்தகையைப் பதிஞ்சு வெக்க 1969-ல ஒரு சட்டம், அந்தப் பதிவேடு இன்னும் தாலுகா ஆபீசுல இருக்கு. நெலம் கைமாறுனாலும் பதிஞ்ச குத்தகைக்காரன் எழுந்து போவ மாட்டான். போகணும்னு சட்டமும் சொல்லல.

கீழவெண்மணி இந்தத் தாலுகாதான் மாப்ள. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி கூடக் கேட்ட சனத்தோட வீட்டுப் பொண்டு புள்ளைங்களும் வயசானவங்களுமா 44 பேரை ஒரு குடிசைக்குள்ள வெச்சுக் கொளுத்துனாங்க. அதுல எனக்கு நையாண்டி வராது. குடியிருந்த மண்ணுகூட அவங்களுது இல்லாம இருந்துச்சு. அப்புறந்தான் 1971-ல, அடுத்தவன் நெலத்துல குடியிருந்த கூலி சனத்துக்கு அந்த மனை சொந்தம்னு குடியிருப்புச் சட்டம் வந்துச்சு. சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இங்கயே வந்து ஒக்காந்து, 1981-ல லாப்டின்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, மிராசுகிட்ட பேசி வெல வெச்சு நெலத்தை வாங்கி, பொம்பளைங்க பேருல எழுதிக் குடுத்தாங்க. அதனால உங்க மூணு மாவோட ஓரத்துல நாலு கூரை இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த எடத்தை உங்க வரைபடத்துலேருந்து அழிச்சுடுங்க. பூதான நெலமா, உச்சவரம்புல எடுத்துக் குடுத்ததா, நிபந்தனைப் பட்டாவான்னும் தாசில்தார் ஆபீசுல கேளுங்க. வெல மலிவா வருதுன்னா பெரும்பாலும் இதுல ஏதாவது ஒண்ணுதான்.

இப்ப கடல் தாண்டுவோம். நாகப்பட்டினத்துலேருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலான்னு கப்பல் ஓடிச்சு, எழுபதுகள் ஆரம்பம் வரைக்கும். இந்தச் சுத்துப்பட்டுல வீட்டுக்கு ஒருத்தரு அதுல ஏறியிருப்பாங்க. பொட்டியோட போனவங்க பங்கை இங்க விட்டுட்டுப் போனாங்க. அண்ணன் வெள்ளாமை பாத்தாரு, மொதல்ல நெல்லு வித்த காசு அனுப்புனாரு, அப்புறம் கடுதாசி அனுப்புனாரு, அப்புறம் கல்யாணப் பத்திரிகை மட்டும் அனுப்புனாரு. பங்கு அப்படியே இருக்கு. அவங்க பேரனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, தாத்தாவுக்கு நெலம் இருந்துச்சுன்னு மட்டும் தெரியும். நீங்க வாங்கிக் கல்லு நட்ட மறுமாசம் அவன் ஏர் ஏசியாவுல வந்து எறங்குவான். அங்க ஒத்தைக் காகிதத்துல சொந்தக்காரன் யாருன்னு பாத்துப் பழகுனவன், இங்க தாலுகா ஆபீசு பெஞ்சுல ஒக்காந்து முழிக்கிறப்ப உங்களுக்கே பாவமா இருக்கும்.

பொண்ணுங்க கணக்கு இன்னும் ருசி. வாரிசுச் சான்று வாங்கிப் பாருங்க. அதுல இல்லாத பேரு எதுன்னு தேடுறதுதான் உங்க வேலை. நம்ம தமிழ்நாட்டுல 1989-லயே பூர்வீகச் சொத்துல பொண்ணுக்குப் பங்கு வந்துடுச்சு, கல்யாணம் ஆகாதவங்களுக்கு. 2005-ல நாடு பூரா எல்லாப் பொண்ணுக்கும் வந்துச்சு. அண்ணன் தம்பிங்க மட்டும் "அதான் சீர் செஞ்சாச்சே"ன்னு இன்னும் பாடிக்கிட்டு இருக்காங்க. பித்தளை அண்டா ரெண்டும் குத்துவெளக்கு ஒண்ணும் ஒரு மா நஞ்சைக்கு ஈடாகுமான்னு ஒங்க வீட்டு அம்மாவையே கேட்டுப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல.

காகிதமெல்லாம் சேத்தாச்சா? பழைய பத்திரம் கெடைச்சா செக்குபந்தியைப் படிங்க. 'புளியமரத்துக்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்குத் தெற்கு'ன்னு நாலெல்லை போட்டிருக்கும். புளியமரம் 2018 கஜாவுல சாஞ்சுடுச்சு, இன்னாரு எப்பவோ சாஞ்சுட்டாரு. சர்வே கல்லைத் தேடுங்க. புலப்படத்துல இருக்குற எடத்துல இருக்காது, தெக்குத் தெரு கொளத்துப் படியில இருக்கும். துணி தொவைக்க அவ்வளவு தோதான கல்லு வேற கெடையாது. கல்லைப் பேத்தா தண்டனை உண்டுன்னு 1923-லயே சட்டம் இருக்கு. ஆனா சோப்பு போட்டுக்கிட்டு இருக்குற பொம்பளைகிட்ட சட்டம் பேச நீங்க போங்க, நான் வரல.

இம்புட்டையும் செஞ்சும் மனசு ஆறலைன்னா கடைசியா என் மருந்து ஒண்ணு இருக்கு. நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு டீக்கடைக்கு வாங்க. பெஞ்சுல ஒக்காந்து, "அந்த ரோட்டோர நெலத்துல கருவையை வெட்டலாம்னு இருக்கேன், ஆளு கெடைக்குமா?"ன்னு என்னைச் சத்தமா கேளுங்க. வெட்டிப்புடாதீங்க, கேக்க மட்டும் செய்யுங்க. ஒம்போது மணிக்குள்ள ஆடு மேய்க்கிறவன் வருவான், அவனுக்கு மேய்ச்சல் பாத்தியதை. அடுத்து கரிமூட்டக்காரன், கருவைக்கு அவன் அட்வான்ஸ் குடுத்தாச்சு. யாருக்குக் குடுத்தேன்னு கேளுங்க, ஒரு பேரு வெளிய வரும். அப்புறம் கரைவேட்டி ஒண்ணு வரும், நெலம் அவரோடது இல்லன்னும் சொல்ல மாட்டாரு, ஆமான்னும் சொல்ல மாட்டாரு. மத்தியானத்துக்குள்ள நாலு பங்காளி வந்து, மத்த மூணு பேருக்கும் பங்கே கெடையாதுன்னு தனித்தனியா சொல்லிட்டுப் போவாங்க. அத்தனையும் நோட்டுல எழுதிக்குங்க. நெசமான சொந்தக்காரன் பொழுது சாயறப்பதான் வருவான். சத்தம் போட மாட்டான், பத்திரம் காட்ட மாட்டான். "என்ன வெலைக்குப் பேசுறாங்க?"ன்னு மட்டும் கேப்பான். வக்கீலுங்க இதே வேலையைத்தான் பேப்பர்ல பொது அறிவிப்புன்னு போட்டுச் செய்யறாங்க. அதையும் போட்டுடுங்க, நாளைக்குக் கோர்ட்டுல காட்ட உதவும். என் டீக்கடை அறிவிப்புக்கு ரெண்டு வடை செலவு, அவ்வளவுதான்.

நீங்க கேட்ட நெலத்துக்கு எனக்குத் தெரிஞ்ச பங்கு ஒண்ணு இருக்கு, சொல்லிப்புடறேன். அந்த நெலத்தை வெச்சிருந்த பெரியவரோட கடைசிப் பொண்ணு, தேவூர்ல இருக்கு. வாரிசுச் சான்றுல விட்டுட்டாங்க, வயசு எம்பதுக்கு மேல. போறப்ப வெறுங்கையோட போவாதீங்க, கால் கவுளி வெத்தலையும் கொட்டைப்பாக்கும் வாங்கிக்குங்க. கிட்டக்கப் போயி சத்தமா பேசணும், காது சுத்தமா மந்தம். 'கையெழுத்து'ங்கறதை மட்டும் வாசல்ல நின்னு மெதுவா சொன்னாக்கூடக் கொல்லைப்புறத்துலேருந்து எழுந்து வந்துடும்.